ருடின் சொல்லாமல் விட்டவை

கணிதப் பாடப்புத்தகங்களை இலக்கிய விமர்சனத்தின் பக்கம் யாரும் கூட்டிவருவதில்லை. அவற்றுக்கு நடை என்று ஒன்று இருப்பதாகவே நாம் நினைப்பதில்லை. ஆனால் ரியல் அனாலிசிஸ் படித்தவர்கள் வால்டர் ருடினைப் பற்றிப் பேசுவதைக் கேட்டால், அவர்கள் பேசுவது முழுக்க நடையைப் பற்றித்தான். 'செதுக்கி வெச்ச மாதிரி இருக்கும்' என்பார் ஒருவர். 'ஈவு இரக்கமே இல்லாத ஆள்' என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் சொல்வது ஒரே குணத்தைத்தான்: ருடின் விளக்கமாட்டார்.

1921இல் வியன்னாவில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். நாஜிகள் ஆஸ்திரியாவுக்குள் வந்ததும் தப்பி, கடைசியில் அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர். இளம் வயதில் எழுதிய 'பிரின்சிபிள்ஸ் ஆஃப் மேத்தமெடிக்கல் அனாலிசிஸ்' 1953இல் வெளிவந்தது. அதற்கு அடுத்த நிலை மாணவர்களுக்கான 'ரியல் அண்ட் காம்ப்ளெக்ஸ் அனாலிசிஸ்' 1966இல். முன்னதற்கு 'பேபி ருடின்', பின்னதற்கு 'பாப்பா ருடின்' என்று செல்லப்பெயர். (தமிழில் எழுதினால் இரண்டும் குழந்தையாகிவிடுகிறது. நாம் சின்ன ருடின், அப்பா ருடின் என்று வைத்துக்கொள்வோம்.)

சின்ன ருடினின் தொடக்கத்திலேயே அவருடைய மொத்த சுபாவமும் தெரிந்துவிடும். 2க்கு விகிதமுறு வர்க்கமூலம் கிடையாது என்று முதலில் நிறுவுகிறார். அடுத்து, வர்க்கம் 2ஐவிடக் குறைவாக உள்ள விகிதமுறு எண்களில் ஆகப் பெரியது என்று எதுவும் இல்லை என்று காட்ட வேண்டும். அதாவது, அப்படி எந்த மிகை எண்ணைக் கொடுத்தாலும் அதைவிடப் பெரிய இன்னொன்றைத் தர வேண்டும். ருடின் ஒரு சூத்திரத்தை எடுத்து மேசைமேல் வைக்கிறார். எண்ணை இரட்டித்து 2ஐக் கூட்டு. அதை, அதே எண்ணோடு 2ஐக் கூட்டி வருவதால் வகு. அவ்வளவுதான். 1ஐப் போட்டால் 4/3 வரும். அதைப் போட்டால் 7/5. பிறகு 24/17. ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பெரியது, எதன் வர்க்கமும் 2ஐத் தொடுவதில்லை. சரி, இது எங்கிருந்து வந்தது? மனுஷன் வாயே திறப்பதில்லை.

பலர் புத்தகத்தை மூடி வைக்கும் இடம் இது. 'இதெல்லாம் யாருக்காவது தானாத் தோணுமா? நமக்கு மேத்ஸ் வராதுப்பா' என்று முடிவு கட்டிக்கொள்வார்கள். ஆனால் ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் அந்தச் சூத்திரம் பிடிபட்டுவிடும். எண்ணின் வர்க்கத்திலிருந்து 2ஐக் கழித்தால் கிடைக்கும் வளைகோட்டை வரையுங்கள். அதன்மேல் உங்கள் எண்ணுக்குரிய புள்ளியையும் 2க்குரிய புள்ளியையும் ஒரு நேர்கோட்டால் இணையுங்கள். அந்தக் கோடு கிடைமட்ட அச்சை வெட்டும் இடம்தான் ருடினின் புது எண். வளைகோடு கீழ்ப்பக்கமாகத் தொங்குவதால், வெட்டும் இடம் எப்போதும் உண்மையான வர்க்கமூலத்துக்கு இடப்பக்கமே விழும். படத்தை அழித்துவிட்டு விடையை மட்டும் வைத்தது போலிருக்கிறது அந்தப் பக்கம். அழித்ததை நாம் திரும்ப வரைந்துவிட முடிகிறது என்பதுதான் இங்கே முக்கியம். அசோகமித்திரன் கதையில் ஒரு பாத்திரம் ஏன் எழுந்து போனது என்று அவர் சொல்லமாட்டார். நாம் கண்டுபிடிப்போம், கண்டுபிடித்ததும் அது நம்முடையதாகிவிடும். சின்ன ருடினின் மௌனம் பெரும்பாலும் இந்த ஜாதி. இதைக் குரூரம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

இம்ரே லகடோஸுக்கு உடன்பாடு உண்டு. அவருடைய 'ப்ரூஃப்ஸ் அண்ட் ரெஃப்யூடேஷன்ஸ்' நூலின் பின்னிணைப்பில், இந்த வகை எழுத்துக்கு உதாரணமாகச் சின்ன ருடினையும் எடுத்துக்கொண்டு சாடுகிறார். எல்லைக்குட்பட்ட மாறல் கொண்ட சார்பு என்ற வரையறை ருடினில் திடீரென்று வந்து நிற்கிறது. அது ஏன் பிறந்தது என்று மாணவனுக்குத் தெரியவே தெரியாது என்பது அவர் குற்றச்சாட்டு. உண்மையில் அது ஜோர்டான் 1881இல் கண்டெடுத்தது. ஃபூரியே தொடர் எப்போது குவியும் என்பதற்கு டிரிக்லே 1829இல் கொடுத்த நிறுவலைத் துருவி, அதற்குள் இருந்து உருவியெடுத்த கருத்து. பதிலை மட்டும் கொடுத்துக் கேள்வியை மறைப்பது ஒருவித அதிகாரம் என்று லகடோஸ் நினைத்தார்.

இந்த இடத்தில் லகடோஸ் பக்கம் சாய்கிறேன், காரணம் எளிது. வர்க்கமூலச் சூத்திரத்துக்குப் பின்னால் இருக்கும் படத்தைத் தாளில் வரைந்து மீட்டுவிடலாம். டிரிக்லேயின் நிறுவலை எந்தத் தாளில் வரைவது? அது தெரிந்தால் தெரியும், இல்லாவிட்டால் யாராவது சொல்ல வேண்டும். தொல்காப்பிய நூற்பாவை நாம் யாரும் வெறுமனே படிப்பதில்லை. இளம்பூரணர், சேனாவரையர், நச்சினார்க்கினியர் என்று வரிசையாக உரை இருக்கிறது. ருடினுக்கு உரை வகுப்பறையில் நடக்கிறது. ஆசிரியர் கரும்பலகையில் போடும் படம், விடுதியில் கூடி வீட்டுப்பாடம் போடும் நாலு பேர், இவர்கள்தான் உரையாசிரியர்கள். வேலை முடிந்து ராத்திரி பத்து மணிக்குத் தனியாகப் பிடிஎஃப்பைத் திறக்கிறவர் கையில் நூற்பா மட்டும்தான்.

அப்பா ருடினில் இந்தச் சிக்கல் முற்றுகிறது. அது மகத்தான புத்தகம் என்பதில் சந்தேகமில்லை. அடுக்குக்குறிச் சார்பைப் பற்றிய அதன் முன்னுரைப் பகுதியில் வட்டமே வரையாமல் பையின் மதிப்பு வந்து நிற்பதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. ஆனால் முதல் அத்தியாயம் லெபெக் தொகையீடு. ரீமான் முறை போதவில்லை என்று ஒரு பக்கம் சொல்கிறார், நியாயமாகவே. பிறகு அருவமான அளவை, அதற்கடுத்து ரீஸ் தேற்றத்தின் நெடும் நிறுவல். அதன் வழியாகத்தான் நேர்கோட்டின் மேல் லெபெக் அளவை வந்து சேர்கிறது. ஃபூரியே தொடர் நான்காம் அத்தியாயத்தில்தான் வருகிறது, அதுவும் ஹில்பர்ட் வெளிக்கு ஓர் உதாரணமாக. எந்த நெருப்பில் இந்தச் சட்டி அடுப்பேறியதோ, அந்த நெருப்பு சமையல் முடிந்தபின் அலங்கார விளக்காக வருகிறது.

லெபெக்கோ இதை எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்! பால் மொந்தேலுக்கு எழுதிய கடிதத்தில், கடனை அடைக்கிறவன் பையில் கைவிட்டு வந்த வரிசையில் காசை எண்ணிக் கொடுப்பது ரீமான் முறை என்கிறார். எல்லாவற்றையும் வெளியே கொட்டி, ஒரே மதிப்புள்ள நோட்டுகளையும் நாணயங்களையும் தனித்தனியாக அடுக்கி எண்ணுவது தன்னுடைய முறை. அடுக்கியதும் ஒரு கேள்வி வருமல்லவா: ஒவ்வொரு அடுக்கும் எவ்வளவு பெரிசு? சார்பு ஒரே மதிப்பை எடுக்கும் புள்ளிகள் எங்கெங்கோ சிதறிக் கிடக்கலாம். அந்தச் சிதறலை எப்படி அளப்பது? அளவை என்ற கருத்து தேவைப்படுவது இந்தக் கேள்விக்குத்தான்.

ஸ்டைனும் ஷகார்ச்சியும் பிரின்ஸ்டன் பாடங்களை நூல்வரிசையாக்கியபோது வரிசையைத் திருப்பிப்போட்டார்கள். முதல் தொகுதியே ஃபூரியே, 2003இல். அளவையும் தொகையீடும் மூன்றாம் தொகுதிக்குத் தள்ளிவைக்கப்பட்டு 2005இல் வந்தன. அதற்குள் ரீமான் தொகையீடு எங்கே கைவிடுகிறது என்பதை வாசகர் கையால் தொட்டுப் பார்த்திருப்பார். நடையில் ருடினின் கூர்மை அவர்களிடம் இல்லை, சில இடங்களில் கொஞ்சம் வளவளப்பும் உண்டு. தனியாகப் படிக்கிறவருக்கு அந்த வளவளப்பைத்தான் நான் சிபாரிசு செய்வேன்.

அப்பா ருடினையே படித்தாக வேண்டும் என்றால் ஒரு வழி இருக்கிறது. நான்காம் அத்தியாயத்தில் உள்ள ரீஸ்-ஃபிஷர் தேற்றத்தை முதலில் போய்ப் பாருங்கள். வர்க்கங்களின் கூட்டுத்தொகை முடிவுள்ளதாக இருக்கும் எந்தக் கெழுக்களைக் கொடுத்தாலும், அவற்றைத் தன் ஃபூரியே கெழுக்களாகக் கொண்ட சார்பு ஒன்று நிச்சயம் இருக்கும் என்கிறது அது, 1907இல் கிடைத்த முடிவு. ரீமான் தொகையீட்டை மட்டும் வைத்துக்கொண்டால் பல கெழு வரிசைகளுக்கு அப்படி ஒரு சார்பே அகப்படாது. நிறுவல் அப்போது புரியாது, புரிய வேண்டியதும் இல்லை. அதன் பிறகு முதல் அத்தியாயத்துக்கு வந்தால், அங்கே காரணம் சொல்லாமல் அடுக்கப்பட்டிருக்கும் வரையறைகள் எதற்காக என்று ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்குவீர்கள்.