சாகச ஊரின் அமைதித் துண்டு

நியூசிலாந்தின் குவீன்ஸ்டவுன் சாகசத்தை விற்று வாழும் ஊர். 1988-இல் அருகிலுள்ள கவாராவ் பாலத்தில் பஞ்சி ஜம்ப் தொழிலாகத் தொடங்கியது. ஜெட் படகும் பாராகிளைடிங்கும் வேறு. அந்தக் கடைத்தெருவிலிருந்து சில நிமிட நடையில், வகாடிப்பு ஏரிக்குள் நீளும் சிறு தீபகற்பத்தில் இருக்கிறது குவீன்ஸ்டவுன் கார்டன்ஸ் என்ற பூங்கா. நுழைவுக் கட்டணம் கிடையாது. அங்குள்ள அமைதி தற்செயலானது அல்ல. மூன்று பக்கமும் நீர் என்பதால் கடந்துபோகும் வண்டிகளுக்கு அங்கே வேலையில்லை. உயர்ந்த டக்ளஸ் ஃபர் மரங்கள் ஊரையே மறைத்துவிடுகின்றன. இந்த ஏரியின் நீர்மட்டம் அரை மணிக்கும் குறைவான இடைவெளியில் சில அங்குலம் ஏறி இறங்கும். மாவோரி மக்கள் அதை ஏரியடியில் கிடக்கும் அரக்கனின் இதயத் துடிப்பு என்பார்கள். படகில் விரைகிறவருக்கு அது தெரியாது. கரையில் சும்மா உட்கார்ந்தால்தான் தெரியும்.

டக்ளஸ் ஃபர் அந்நிய மரம், சுற்றுமலைகளில் விதை பரப்பிக் களையாகிவிட்டது என்ற குறை நியாயமானதே. மலையில் அதை வெட்டட்டும். பூங்காவில் மட்டும் உள்ளூர் மரங்கள் வளர்ந்து நிழல் தந்த பிறகே பழையவை போக வேண்டும். மறைப்பு போனால் அமைதியும் போய்விடும். குவீன்ஸ்டவுன் போகிறவர்கள் டிக்கெட் இல்லாத ஒரு மாலையை இந்தக் கரைக்கு ஒதுக்குங்கள்.