திரும்பி வராத பயணி: ராக்லாந்து ஐயரின் வரலாறுகளில் விடுபட்டுப்போன இளைப்பாறுதல்

வட திருநெல்வேலிச் சுற்றுப்பிரயாண ஊழியத்தைத் தொடங்கிய தாமஸ் கஜெத்தான் ராக்லாந்து ஐயரைப் பற்றி நம்மிடையே வழங்கும் செய்திகள் பெரும்பாலும் இரண்டு நூல்களிலிருந்து வந்தவை. ஒன்று, அவர் பணியாற்றிய கேம்பிரிட்ஜ் கல்லூரியையே சேர்ந்த டி. டி. பெரோன் 1861இல் வெளியிட்ட நினைவு வரலாறு. மற்றது, ஏமி கார்மைக்கேல் அம்மையார் டோனாவூரிலிருந்து எழுதி 1922இல் வெளிவந்த ‘ராக்லாந்து, முன்னோடி’. முதல் நூலைத் தேடிப் படிப்போர் இன்று அரியர். இரண்டாவது நூலை நேரே படித்தவர்களைவிட, அதன் சாரத்தைப் பிரசங்கங்கள் வாயிலாகக் கேட்டவர்களே மிகுதி. ஊழியத்தில் காலெடுத்து வைக்கும் இளைஞனின் உள்ளத்தில், பயணம், களைப்பு, ஓய்வு ஆகியவை குறித்து ஓர் எண்ணத்தை இந்நூல்கள் ஆழ ஊன்றியிருக்கின்றன. அந்த எண்ணத்தையே இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

ராக்லாந்து 1815இல் ஜிப்ரால்டரில் பிறந்தார். 1841இல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் நான்காம் இடம் பெற்று, கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியின் ஆய்வுறுப்பினரானார். பின்னர்ச் சென்னைக்கு வந்து சர்ச் மிஷனெரி சங்கத்தின் செயலாளர் பொறுப்பை ஏற்றார். கடிதங்களும் கணக்குகளும் சங்க உறுப்பினர்களுக்கிடையே எழும் பிணக்குகளும் நிறைந்த மேசைப் பணி அது. அப்பொறுப்பின் நிமித்தம் திருநெல்வேலிக்குச் சென்றுவந்தபோதுதான், தெற்கே கிறிஸ்தவ ஊர்கள் பெருகியிருக்க வடக்கே நற்செய்தி ஏறத்தாழ எட்டாத ஒரு நிலப்பரப்பு கிடப்பதை அவர் கண்டார். சிவகாசி, சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர், சங்கரன்கோவில் என்னும் ஊர்களைச் சுற்றிய பகுதி அது. 1854இல் டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் என்னும் இருவரோடு அவர் அங்குக் கூடாரமடித்தார். 1858 அக்டோபர் 22ஆம் நாள் சிவகாசியில் இரத்தப் பெருக்கினால் மரித்தார். ஐந்து ஆண்டுகள்கூட நிறையவில்லை. அவர் காலத்தில் ஞானஸ்நானம் பெற்றோர் தொகை மிகச் சிறிது.

இவ்வளவு சிறிய காலத்தையும் சிறிய பலனையும் கொண்ட ஒரு வாழ்க்கையை எவ்வாறு எழுதுவது? இரு நூலாசிரியர்களும் நிலத்தில் விழுந்து சாகும் கோதுமைமணியின் உவமையைக் கொண்டே (யோவான் 12:24) இதற்கு விடை காண்கின்றனர். ராக்லாந்தே அவ்வசனத்தைத் தம் ஊழியத்தின் திறவுகோலாகக் கொண்டிருந்தாராதலின் அதில் தவறில்லை. ஆனால் ஒரு வாழ்க்கை முழுவதையும் அதன் முடிவிலிருந்து பின்னோக்கி வாசிக்கும்போது, இடையில் நிகழ்ந்தவையெல்லாம் சாவுக்கு ஆயத்தம் என்னும் ஒரே நிறத்தைப் பெற்றுவிடுகின்றன. கூடாரம் என்றால் தியாகம். நடை என்றால் தேய்வு. களைப்பு என்றால் அர்ப்பணத்தின் அடையாளம். அம்மையாரின் நடை அழகும் உருக்கமும் வாய்ந்தது. அந்த உருக்கமே வாசகரைக் கேள்வி கேட்கவிடாமல் இழுத்துச் செல்கிறது. இந்நூலைப் படித்து முடிக்கும் மாணவன், இளைப்பாற விரும்புவதே விசுவாசக் குறைவோ என்று நாணும் நிலைக்கு வந்துவிடக்கூடும். அத்தகைய நாணத்தோடு இருபதாண்டுகள் திருப்பணி செய்து, நாற்பத்தைந்து வயதில் ஜெபிக்கவும் வலுவற்றுப் போன ஆயர்கள் நமக்குத் தெரியாதவர்கள் அல்லர்.

ராக்லாந்தின் திட்டத்தையே சற்று உற்று நோக்கினால் வேறொரு செய்தி புலப்படும். அவரும் தோழர்களும் தனித்து அலையவில்லை. தென் திருநெல்வேலிச் சபைகளைச் சேர்ந்த உபதேசிமார் முறைவைத்து வடக்கே வந்து, ஒவ்வொருவரும் ஏறத்தாழ ஒரு மாதம் கூடாரத்தில் தங்கி, ஊரூராய்ச் சென்று பேசி, மாத முடிவில் தத்தம் சபைக்குத் திரும்பினர். அவர்கள் இடத்தில் வேறு சிலர் வந்தனர். ஐயரின் வரலாற்றில் இது ஓர் ஏற்பாட்டு விவரமாகவே கடந்துபோகிறது. அருட்பணியின் கோணத்தில் பார்த்தால் இதுவே அத்திட்டத்தின் உயிர்நாடி என்பது என் கருத்து.

அந்த உபதேசியாரின் நிலையை எண்ணிப் பார்ப்போம். மெஞ்ஞானபுரத்தையோ சுவிசேஷபுரத்தையோ போன்ற ஒரு நிலைபெற்ற கிறிஸ்தவ ஊரில் அவர் வாழ்ந்திருப்பார். காலை மாலை ஜெபக்கூட்டம், பள்ளிக்கூடம், வருகைப் பதிவு, கலியாண வழக்கு, நிலத் தகராறு ஆகிய இவற்றினூடே அவருடைய விசுவாசம் ஒரு பழக்கமாகிப் போயிருக்கலாம். ஒரு மாதம் அவர் யாரும் அறியாத ஊர்களுக்கு வருகிறார். கிழக்கே சிவகாசி, சாத்தூர்ப் பக்கம் கரிசல். பருத்தியும் சோளமும் வெயிலும். மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இராஜபாளையம் நோக்கிச் செல்லும் பாதையில் கண்மாய்களும் மாந்தோப்புகளும், அவற்றுக்கு அப்பால் மேற்குத் தொடர்ச்சி மலையின் நீலச் சுவரும். இங்கே அவரைக் ‘கோயில் பிள்ளை’ என்றோ ‘வாத்தியார்’ என்றோ விளிப்பார் இல்லை. நீ யார், எதற்கு வந்தாய் என்று கேட்போரே உண்டு. அக்கேள்விக்கு விடை சொல்லும்போது, தாம் யார் என்பதைத் தாமே புதிதாய்க் கண்டறிய வேண்டிய நிலை அவருக்கு ஏற்படுகிறது. பயணம் தரும் தன்னாய்வு என்று நாம் சொல்வது இதனையே. மலைக்காட்சியும் தனிமையும் அதற்குத் துணை செய்யலாம். ஆயினும் அதனைத் தொடங்கிவைப்பது அந்நியன் ஒருவன் கேட்கும் கேள்விதான்.

மாத முடிவில் அவர் திரும்புகிறார். திரும்புகிறவன் சொல்ல வேண்டும். ஊர் கேட்க வேண்டும். மாற்கு சுவிசேஷத்தின் ஆறாம் அதிகாரம் இந்த ஒழுங்கையே காட்டுகிறது. ஆண்டவர் பன்னிருவரை இரண்டிரண்டு பேராக அனுப்புகிறார் (6:7). அவர்கள் திரும்பி வந்து தாங்கள் செய்தவை, உபதேசித்தவை யாவற்றையும் அறிவிக்கிறார்கள் (6:30). அதற்குப் பின்னரே, புசிக்கவும் நேரமின்றி இருந்தவர்களைத் தனித்த இடத்துக்கு இளைப்பாற அழைக்கிறார் (6:31). அனுப்புதல், அறிவித்தல், இளைப்பாறுதல் என்னும் மூன்றில் நடுவிலுள்ளதை நம் பிரசங்கங்கள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. நடந்ததைக் கர்த்தருக்கும் தோழருக்கும் முன்பாகச் சொல்லித் தீர்த்தவனுக்கே இளைப்பாற முடிகிறது. சொல்லப்படாத களைப்பு, மலைமேல் ஏறினாலும் கூடவே ஏறிவரும். அந்த அதிகாரத்தில் அவர்கள் நாடிய ஓய்வும் முழுமையாகக் கிடைக்கவில்லை. மக்கள் கால்நடையாய் முந்தி ஓடி அங்கும் கூடினார்கள் (6:33) என்பதையும் மாற்கு மறைக்கவில்லை.

தமிழில் ‘ஓய்வு’, ‘இளைப்பாறுதல்’ என்னும் இரு சொற்களும் ஒன்றல்ல. ஓய்வு என்பது நின்றுபோதல். மழை ஓய்ந்தது, கை ஓய்ந்தது என்கிறோம். இளைப்பாறுதலில் முன்னே ஓர் இளைப்பு இருக்க வேண்டும். அது ஆற வேண்டும். நடந்தவனுக்கே உரிய சொல் அது. ஆறு என்பதற்கு வழி என்னும் பொருளும் உண்டு என்பதை ஆற்றுப்படை நூல்கள் நமக்கு நினைவூட்டும். பத்துப்பாட்டில் பாதியாகிய ஐந்து பாட்டுகள் அவ்வகையின. வழிநடையால் வருந்தி வறுமையோடு வரும் கலைஞரைப் பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவன் கண்டு, தான் சென்ற வழியையும் பெற்ற பேற்றையும் சொல்லி அனுப்புகிறான். திரும்பி வருகிறவனின் சொல்லே களைத்தவனுக்கு ஆறுதலும் வழியும் ஆகிறது. நம் முன்னோர் இதற்கென ஓர் இலக்கிய வகையையே வகுத்திருக்க, நம்முடைய மிஷனெரி வரலாறுகள் திரும்பி வராத பயணியை மட்டுமே போற்றக் கற்றுக்கொண்டன. சிவகாசியில் அடக்கம்பண்ணப்பட்டவரை நாம் அறிவோம். மாதந்தோறும் தெற்கே திரும்பி நடந்தவர்களோ நம் நினைவில் இல்லை. தென் சபைகளில் அவர்கள் என்ன சொன்னார்கள், எவ்வாறு மாறியிருந்தார்கள் என்பதே எழுதப்படாத வரலாறு.

இங்கு மற்றொரு குறையையும் சுட்ட வேண்டும். கூடாரத்தார் வந்த ஊர் வெறும் நிலமன்று. ஸ்ரீவில்லிபுத்தூரின் வடபத்ரசாயி ஆலயத்தில் திருமால் பள்ளிகொண்ட கோலத்தில் இருக்கிறார். பதினொரு நிலைக் கோபுரத்தின் நிழலில் வாழும் அவ்வூரார்க்கு, இறைவனின் ஓய்வு நாள்தோறும் கண்ணால் காணும் காட்சி. பெரியாழ்வார் அங்கே நந்தவனம் வைத்து மலர் தொடுத்த தொண்டர் என்பது மரபு. ஆண்டாளோ, உரைகாரர் கூறுமாறு, தன் ஊரையே ஆயர்பாடியாகப் பாவித்து, இருந்த இடத்திலிருந்தே நெடும்பயணம் சென்றவள். இவ்விருவர் வழியையும் கிறிஸ்தவர் ஏற்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. ஆறு நாள் கிரியை செய்து ஏழாம் நாளில் ஓய்ந்திருந்த தேவனைப் பிரசங்கிக்க வந்தவர்கள், இறைவனின் துயிலைப் பாடும் ஊராரிடம், ஓய்வைப் பற்றி நீங்கள் என்ன அறிந்திருக்கிறீர்கள் என்று கேட்டிருந்தால், உரையாடல் வேறு விதமாய் அமைந்திருக்கும். அக்காலத்து மிஷனெரி எழுத்துகளில் இத்தகைய கோயிலூர்கள் பிடிக்கப்பட வேண்டிய கோட்டைகளாகவே தோன்றுகின்றன. கோட்டையைக் காண்கிறவன் அதனுள் இருக்கும் நந்தவனத்தைக் காண்பதில்லை.

ஓய்வைக் குறித்து அக்கால மிஷனெரிமார் அறியாதிருந்தார்கள் என்றும் சொல்லக்கூடாது. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் 1845இலேயே கோடைக்கானலில் வீடுகள் கட்டினர். நோயும் சாவும் அவர்களை அங்கே துரத்தின; அதை ஏளனம் செய்வது நன்றியின்மை. ஆயினும் அந்த மலை வீடுகள் மிஷனெரிமாருக்காகவும் அவர்தம் குடும்பத்தாருக்காகவும் எழுந்தவை. வெயிலில் அவர்களோடு நடந்த உபதேசியாருக்கு மலை இல்லை. இவ்வகையில் ராக்லாந்தின் மாத முறை, அவர் அவ்வாறு கருதினாரோ இல்லையோ, தமிழ் ஊழியருக்குப் பயணத்தையும் திரும்புதலையும் சேர்த்தே அளித்தது. மலையடிவாரத் தோப்பில், மலை ஏறாமலே.

அம்மையாரின் நூலுக்கு மிகச் சிறந்த திறனாய்வு அவருடைய வாழ்க்கையிலேயே நிகழ்ந்தது எனலாம். 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து காலும் உடலும் ஊறுபட்ட அவர், 1951 ஜனவரியில் மறையும் வரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பெரும்பாலும் டோனாவூரில் தம் அறையிலேயே கழித்தார். 1933இல் வெளிவந்த ‘ரோஸ் ஃப்ரம் பிரையர்’ என்னும் நூல், நோயாளியொருவர் நோயாளிகளுக்கு எழுதியது. படுக்கையிலிருப்பவர்களுக்கு நலமுள்ளோர் கூறும் புத்திமதிகள் எவ்வளவு தொலைவிலிருந்து வருகின்றன என்பதை அவர் அங்கே உணர்ந்திருக்கிறார். 1922ஆம் ஆண்டு நூலில் இல்லாத ஒரு தாழ்ந்த குரல் அதில் கேட்கிறது. ராக்லாந்தின் வரலாற்றை 1931க்குப் பின் எழுதியிருந்தால், அவர் சுமந்த உடல்நோயின் பக்கங்களை வேறு கண்ணோடு எழுதியிருப்பாரோ என்று நினைக்கத் தோன்றுகிறது. மாணவர்க்கு இவ்விரண்டு நூல்களையும் சேர்த்தே பாடமாக வைக்க வேண்டும். ஒன்றை மட்டும் கொடுப்பது அந்த அம்மையாருக்கே செய்யும் அநீதி.

இன்று நம் ஆயர்கள் பயணம் செய்யாமல் இல்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றல் உத்தரவு வருகிறது. தட்டுமுட்டுகள் லாரியில் ஏறுகின்றன. பிள்ளைகளின் பள்ளி மாறுகிறது. இடம் பெயர்தல் உண்டு, திரும்புதல் இல்லை. விட்டுவந்த சபையில் நடந்ததைச் சொல்லவும் கேட்கவும் ஓர் அவை இல்லை. ஆண்டுக்கொரு முறை நடைபெறும் ஆயர் தியானக் கூடுகையோ நேரத்துக்கு நேரம் சொற்பொழிவுகளால் நிரம்பியிருக்கிறது. இடைவேளையில் தேர்தல் பேச்சு. எருசலேமுக்குச் சென்று வருவோர் பெருகியிருக்கின்றனர், அதற்கு அரசு மானியமும் உண்டு. திரும்பி வந்தபின் காட்டப்படும் புகைப்படங்களும் பல.

பக்கத்து வட்டகைகள் இரண்டு இசைந்து, ஓர் ஆயரை ஒரு மாதம் தம் ஆலயத்தை விட்டு அறிமுகமற்ற ஊருக்கு அனுப்பி, வெறுங்கையோடு நடந்து திரும்பச் செய்து, அவர் சொல்வதை ஒரு ஞாயிறு மாலை சபையார் அமர்ந்து கேட்க ஏற்பாடு செய்வது கடினமா? செலவு மிகக் குறைவு. ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இராஜபாளையத்துக்கும் இடைப்பட்ட தூரம் பன்னிரண்டு கிலோமீட்டர் அளவே. ஒரு காலைப்பொழுதில் நடந்துவிடலாம். வழியில் யாரேனும் ஒருவர் நிறுத்தி, எங்கிருந்து வருகிறீர்கள், என்ன வேலையாய் வந்தீர்கள் என்று கேட்பார்.