‘திரைவாசிப்பான்’ என்னும் சொல்லும் பணியிட மென்பொருளின் பொறுப்பும்

பார்வையற்ற அலுவலர் கணினியில் பணியாற்ற உதவும் மென்பொருளைத் தமிழில் திரைவாசிப்பான் என்கிறோம். திரையில் தெரிவன அனைத்தையும் அது வாசித்துவிடும் என்ற எண்ணத்தை இப்பெயர் தோற்றுவிக்கிறது. வாசிக்காதபோது, குறை கருவியிடமோ பயன்படுத்துபவரிடமோ இருப்பதாக அலுவலகங்கள் கருதுகின்றன. இக்கருத்து ஏற்புடையதன்று.

எழுத்துகளால் மட்டும் அமைந்த டாஸ் காலத் திரையில், நினைவகத்திலிருந்த எழுத்துகளைக் கருவி நேரடியாகப் பெற முடிந்தது. வரைகலை இடைமுகம் பரவியபின் திரை புள்ளிகளாலான படமாயிற்று. எனவே, ஒவ்வொரு மென்பொருளும் தன் உறுப்புகளின் பெயர், வகை, நிலை ஆகியவற்றை இயங்குதளத்தின் வழியே அறிவிக்கும் முறை உருவானது. மைக்ரோசாஃப்ட் 1997இல் வெளியிட்ட ஆக்டிவ் அக்சஸிபிலிட்டி இவ்வகையில் முன்னோடியாகும். ஜாஸ், 2006இல் தொடங்கப்பட்ட கட்டற்ற மென்பொருளான என்விடிஏ ஆகியன இன்று பெரும்பாலும் இவ்வறிவிப்பையே பேச்சாக மாற்றுகின்றன.

சேமிப்பதற்கான படக்குறிக்கு உருவாக்குநர் பெயரிடாவிடின், ‘பொத்தான்’ என்ற சொல் மட்டுமே கேட்கும். அத்தகைய ஐந்து குறிகள் அடுத்தடுத்து இருப்பின் அச்சொல்லே ஐந்து முறை ஒலிக்கும். சுட்டியால் இழுத்து வைக்கும் செயலுக்கு விசைப்பலகை வழி அமைக்கப்படாவிடின் அலுவலரின் பணி அங்கேயே நின்றுவிடும். தமிழாய்வாளர் நன்கறிந்த சான்றும் உண்டு. ஒருங்குறி அல்லாத பழைய எழுத்துருக்கள் பலவற்றில் தட்டச்சு செய்த கோப்பு கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். உள்ளிருப்பவை ஆங்கில எழுத்துகளுக்குரிய குறியீடுகள் என்பதால் காதில் பொருளற்ற ஒலிகளே விழும்.

எழுத்துணரி நுட்பம் இக்குறையைத் தீர்க்கும் என்று கூறுவோர் உளர். அது படத்திலுள்ள சொற்களைத் தரக்கூடும். ஒரு கட்டம் தேர்வு செய்யப்பட்டுள்ளதா, ஒரு பொத்தான் செயல்படும் நிலையில் உள்ளதா என்பவற்றை அதனால் உறுதியாகக் கூற இயலாது. ஊதியப் பட்டியலையோ கோப்பு ஒப்புதலையோ ஊகத்தின் அடிப்படையில் கையாள முடியாது.

இந்தியாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, 34ஆம் பிரிவில் அரசுப் பணியிடங்களுள் 1 விழுக்காட்டைப் பார்வையற்றோர்க்கும் குறைபார்வையுடையோர்க்கும் ஒதுக்குகிறது. தடையற்ற பணிச்சூழலை அமைக்கும் கடமையை 20ஆம் பிரிவு அரசு நிறுவனங்களுக்கு விதிக்கிறது. சாய்தளம் அமைப்பதுடன் இக்கடமை முடிவதில்லை. பெயரற்ற பொத்தான்கள் நிறைந்த மென்பொருளை வாங்கும் அலுவலகம், சட்டம் அளித்த பணியிடத்தைப் பயனற்றதாக்குகிறது. விசைப்பலகையும் திரைவாசிப்பானும் கொண்டு பார்வையற்ற அலுவலரே சோதித்து ஏற்றபின் கொள்முதல் செய்வது விதியாக வேண்டும். அந்நிலையில்தான் குறைக்கான பொறுப்பு உருவாக்குநரையும் வாங்குபவரையும் சேரும்.