ஒக்கோட்ஸ்க் கடலில் ஒரு ஜாசின்காரன்

கடல் உறைந்து பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். பார்த்தது மட்டுமா, அதன்மேல் ஏறி நடந்தேன், குதித்தேன், மல்லாந்து படுத்தேன், பனிக்கட்டி ஒன்று காலடியில் சரிய மார்புவரை கடலுக்குள் இறங்கி “முருகா!” என்று கத்தினேன், கூட வந்த ஜப்பானியர்கள் எதற்கென்று தெரியாமலே கைதட்டினார்கள். ஊர் திரும்பி இத்தனை நாளாகியும் வாய் ஓயவில்லை. ஜாசின் கடைத்தெருவில் என்னைத் தூரத்தில் கண்டாலே சிலர் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்களாம், என் மனைவி சொல்கிறாள். போகட்டும். நீங்கள் பக்கத்தைத் திருப்பாமல் இருந்தால் போதும்.

ஜப்பானின் வடகோடித் தீவு ஹொக்காய்டோ. நம் மலாக்கா மாநிலத்தை நாற்பது தடவைக்கு மேல் அதற்குள் வைக்கலாம். அங்கே ஆசாஹிகாவா என்ற ஊரில் 1902 ஜனவரி 25-ஆம் தேதி மைனஸ் 41 டிகிரி குளிர் பதிவானது, ஜப்பானில் இன்றுவரை அதுதான் உச்சக் குளிர். நானோ புக்கிட் அசகான் பக்கம் தோட்டத்தில் பிறந்தவன். விடியற்காலை மரம் வெட்டப் போகிறவர்கள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு போவார்களே, அந்தக் குளிரைத்தான் குளிர் என்று நம்பி வளர்ந்தவன். கேமரன் மலைக்குப் போனபோது இரவல் ஸ்வெட்டர் போட்டுப் படம் எடுத்துக்கொண்ட கூட்டம் நாங்கள்.

இந்தப் பயணம் ஒரு மாமாக் கடையில்தான் முளைத்தது. தே தாரிக் ஆறிக்கொண்டிருந்தது. என் மச்சான் கைப்பேசியில் ஒரு படத்தை நீட்டினான்: ஆரஞ்சு உடுப்பில் ஒருத்தர், சுற்றிலும் அடிவானம்வரை வெள்ளை. “மாமா, இது நிலம் இல்ல, கடலு” என்றான். முடிந்தது! அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை, சத்தியமாக. ஒன்றரை மணிக்கு எழுந்து உலக வரைபடத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் அம்மாவிடம் சொன்னேன். அவர் வெற்றிலையை மென்றபடி நிமிர்ந்து பார்த்தார். “ஒங்க தாத்தாவ சயாமுக்குப் புடிச்சிக்கிட்டுப் போனவன் ஊருக்கு, நீ வெள்ளி கட்டிப் போறியா?” அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஜப்பானியர் காலத்தில் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் நம்மவர்களைச் சயாமுக்குக் கொண்டுபோய் 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட வைத்த கதை, நம் வீடுகளில் இன்னும் சோற்றுத் தட்டுக்கு முன்னால் சொல்லப்படுகிற கதைதானே. அம்மாவின் கேள்வியையும் பெட்டியில் வைத்துக்கொண்டுதான் கிளம்பினேன்.

பனி பார்க்கப் போகிற நம் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் சப்போரோவோடு நின்றுவிடுகிறார்கள். கோலாலம்பூரிலிருந்து சப்போரோவின் ஷின்-சித்தோசே விமான நிலையத்துக்கு ஏர்ஏசியா எக்ஸ் 2015-இல் நேரடி விமானம் விட்டதிலிருந்தே இது நடக்கிறது. தப்பில்லை, சப்போரோ அழகான ஊர்தான். பிப்ரவரித் தொடக்கத்தில் ஓதோரிப் பூங்கா முழுக்கப் பனிச் சிலைகள், வீடு உயரத்துக்கு! 1950-இல் பள்ளி மாணவர்கள் செய்து வைத்த ஆறே ஆறு சிலைகளில் தொடங்கிய விழா அது. நிசெக்கோவுக்குப் போனால் 1,898 மீட்டர் உயர யோத்தெய் எரிமலையைப் பார்த்துக்கொண்டே பனிச்சறுக்கு. நானும் சறுக்கினேன் என்று சொல்ல ஆசை, விழுந்தேன் என்பதுதான் பொருத்தம். ஒவ்வொரு தடவை விழும்போதும் சிரிப்பு வந்தது, அவ்வளவு மெத்து மெத்தென்ற பனி. எல்லாம் சரி. ஆனால் ஐயா, ஹொக்காய்டோவின் வடகிழக்குக் கரைக்குப் போகாமல் திரும்பி வந்து “பனி பார்த்தேன்” என்று என்னிடம் யாரும் சொல்லாதீர்கள். சண்டைக்கு வருவேன்.

அந்த வடகிழக்குக் கரையில் இருப்பது ஒக்கோட்ஸ்க் கடல். ரஷ்யாவும் சீனாவும் எல்லையாக வைத்திருக்கும் அமூர் ஆறு வடக்கே அந்தக் கடலில் வந்து விழுகிறது. ஆற்று நீர் கலப்பதால் கடலின் மேற்பரப்பில் உப்பு குறைந்த ஓர் அடுக்கு மிதக்கிறது. கீழே இருக்கும் கனத்த உப்பு நீரோடு அது கலப்பதில்லை. அதனால் சைபீரியக் காற்று வீசியதும் அந்த மேல் அடுக்கு மட்டும் சீக்கிரம் குளிர்ந்து உறைகிறது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: தகரத் தட்டில் ஊற்றிய கித்தா பால், ஆசிட் பட்டதும் மெல்ல மெல்லத் தடித்துப் பாளமாகுமே, அப்படித்தான் கடலும். அந்தப் பாளங்கள் உடைந்து, காற்றும் சக்காலின் தீவோரத்து நீரோட்டமும் தள்ள, ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் மிதந்து ஜனவரிக் கடைசியில் ஹொக்காய்டோ கரைக்கு வந்து சேர்கின்றன. பிப்ரவரி முழுக்க இருக்கும். மார்ச் முடிவதற்குள் போய்விடும். இத்தனைக்கும் அபாஷிரி துறைமுகம் இருப்பது வட அட்சம் 44 டிகிரியில், ஐரோப்பாவில் அது தென் பிரான்சு நேர். இவ்வளவு தெற்கே கடற்பனி வந்து கரையில் மோதுவது உலகத்தில் அபூர்வம்.

சப்போரோவிலிருந்து அபாஷிரிக்கு ‘ஒக்கோட்ஸ்க்’ விரைவு ரயிலில் ஐந்து மணி நேரத்துக்கும் மேல். விமானத்திலும் போகலாம், போகாதீர்கள்! ரயிலில் ஜன்னல் ஓரம் பிடித்து உட்காருங்கள். மலை ஏற ஏற வீட்டுக் கூரைகள் மறைந்துபோகும், புகைபோக்கி மட்டும் தெரியும், காட்டு மான் தண்டவாளத்தோரம் நின்று உங்களைப் பார்க்கும். அபாஷிரியிலிருந்து ஷாரி நோக்கிப் போகும் சின்ன ரயில் கித்தஹாமா என்ற குட்டி நிலையத்தில் நிற்கும். நிலையத்துக்குக் கீழேயே கடல். நான் இறங்கி நின்றேன். அலை இல்லை. அலைச் சத்தமும் இல்லை. போர்ட்டிக்சனிலும் தஞ்சோங் பிடாராவிலும் கேட்டுப் பழகிய அந்த இரைச்சலைக் காது தேடுகிறது, கிடைக்கவில்லை. கரையிலிருந்து அடிவானம்வரை வெள்ளைப் பாளங்கள் ஒன்றோடொன்று உரசி முனகுகின்றன, கதவுக் கீல் அசைகிற மெல்லிய கிரீச், அவ்வளவுதான். மச்சான் என் தோளைப் பிடித்துக்கொண்டான். இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர். “குளிர்னாலதான் மாமா” என்றான். நானும் ஆமாம் என்றேன்.

இனிதான் விஷயமே! ஷாரியிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் உத்தோரோ. 2005-இல் உலக மரபுச் சின்னமான ஷிரெத்தோக்கோ தீபகற்பத்தின் வாசல் ஊர் அது. அங்கேதான் கடற்பனி நடை. வழிகாட்டி ஒரு தடித்த ரப்பர் உடுப்பைத் தூக்கிக் கொடுக்கிறார், கால் பூட்ஸோடு சேர்ந்தே தைத்தது, ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது. நம் உடைக்கு மேலேயே அதற்குள் நுழைந்து, கழுத்தை இழுத்து மாட்டி, முகம் மட்டும் வெளியே தெரிய, பென்குயின் நடை நடந்து கரைக்குப் போகிறோம். இப்போது நினைத்துப் பாருங்கள், தயவுசெய்து கண்ணை மூடி நினைத்துப் பாருங்கள்: முதல் பாளத்தில் காலை வைக்கிறீர்கள், அது லேசாக அசைகிறது, அடுத்ததில் வைக்கிறீர்கள், அது அசையவில்லை, மூன்றாவது அண்ணாந்து பார்க்கிற உயரத்துக்குக் குன்றாகக் குவிந்து கிடக்கிறது, அதன் வெட்டு முகத்தில் ஒரு நீலம், எந்தச் சேலைக் கடையிலும் கிடைக்காத நீலம், அதை உடைத்து ஒரு சில்லை நாக்கில் வைத்தால் லேசான உப்பு (உறையும்போது கடல் உப்பைப் பெரும்பாலும் வெளியே தள்ளிவிடுமாம்), தலைக்கு மேலே மஞ்சள் அலகோடு ஸ்டெல்லர் கடற்கழுகு ஒன்று வட்டமிடுகிறது, இறக்கை விரித்தால் இரண்டு மீட்டருக்கு மேல், அதைப் பார்த்துக்கொண்டே காலை வைத்தேன் பாருங்கள், சளக்! பாளம் சரிந்தது, நான் கடலுக்குள்! மைனஸ் ஒன்று சில்லறை டிகிரித் தண்ணீர், மார்புவரை, ஆனால் குளிரவில்லை, நனையவில்லை, உடுப்புக்குள் இருக்கும் காற்று என்னைத் தூக்கி மிதக்க விடுகிறது, சுற்றிலும் பனிக்கட்டிகள் என் தோளை இடித்து “தள்ளு” என்கின்றன, வழிகாட்டி சிரிக்கிறார், நான் சிரிக்கிறேன், வேண்டுமென்றே ஏறி வேண்டுமென்றே மறுபடி விழுகிறேன், மறுபடி ஏறுகிறேன், ஐம்பதை நெருங்குகிற மனுஷன், இரண்டு பிள்ளைகளுக்கு அப்பன், செம்பனைத் தோட்டத்துக் குளத்தில் குதித்த அந்தப் பயலாகவே ஆகிவிட்டேன், அங்கேயே, அந்தக் கடலிலேயே! நேரம் முடிந்தது என்று கூப்பிட்டபோது காது கேட்காதவன் மாதிரி நடித்தேன். உண்மை.

அந்தப் பனிக்கு அடியில் ஓர் உலகமே இருக்கிறது, தெரியுமா? பாளங்களின் அடிப்பாகத்தில் நுண்பாசி ஒட்டி வளரும். வசந்தத்தில் பனி உருகும்போது அது கடலுக்கு உணவாகும். அதைத் தின்ன மிதவையுயிர்கள், அவற்றைத் தின்ன மீன்கள், பிறகு சீல், கழுகு. அந்தக் கரையோரச் சந்தைகளில் நண்டும் சிப்பியும் குவிந்து கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கிளியோன் என்று ஓர் உயிர், விரல் நக அளவு, கண்ணாடி உடம்பு, நடுவில் சிவப்புப் புள்ளி, இரண்டு சிறகை அடித்துக்கொண்டு மிதக்கும். அபாஷிரியின் தெந்தோ குன்றில் உள்ள கடற்பனி அருங்காட்சியகத்தில் தொட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். தொட்டியை விட்டு மச்சானை இழுத்து வரப் பெரும்பாடாகிவிட்டது. அங்கேயே மைனஸ் 15 டிகிரி அறை ஒன்று. உள்ளே போகும்போது ஈரத் துண்டு ஒன்றைக் கையில் கொடுக்கிறார்கள். தலைக்கு மேல் சுழற்றினேன். பத்துப் பதினைந்து சுற்றில் துண்டு விறைத்து, நான் கையை நிறுத்திய பிறகும் நிமிர்ந்தே நின்றது. பக்கத்தில் நின்ற சிறுமிக்கும் எனக்கும் போட்டி, அவளே ஜெயித்தாள்.

அபாஷிரியில் பழைய சிறைச்சாலை அருங்காட்சியகமும் இருக்கிறது. 1890-இல் கைதிகளைக் கொண்டுவந்து குடியமர்த்தி, மறு ஆண்டே அவர்களை வைத்துக் காட்டை வெட்டிச் சாலை போட்டார்கள். எட்டு மாத வேலையில் 200-க்கும் மேற்பட்ட கைதிகள் இறந்தார்கள். அந்த அறையில் என் உற்சாகமெல்லாம் அடங்கிப்போனது. அம்மாவின் கேள்வி பெட்டியிலிருந்து எழுந்து வந்து பக்கத்தில் நின்றது. சயாம் ரயில் பாதைக்கு ஐம்பது வருடம் முன்பே, சொந்த நாட்டு மனிதர்களிடமே இதைச் செய்து பழகியிருக்கிறது அந்த அரசு. ஊர் வந்து அம்மாவிடம் சொன்னேன். “அப்பிடியா” என்றார், வேறொன்றும் சொல்லவில்லை.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட்டால் என்னை ஊரில் சேர்க்க மாட்டார்கள். சப்போரோவின் சொந்தச் சாப்பாடு சூப் கறி! நீர்க்க இருக்கும் மசாலாச் சாறு, அதில் முழுக் கோழிக்கால், வறுத்த பூசணி, கத்திரிக்காய், தனித்தட்டில் மஞ்சள் சோறு. 1993-இல் அந்தப் பெயரை வைத்த கடைக்காரருக்கு யோசனை தந்தது இந்தோனேசியாவின் சோத்தோ ஆயாம் என்கிறார்கள். முதல் வாயிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இது நம் பக்கத்து வீட்டு ருசி. காரத்தின் அளவை நாமே சொல்லலாம். உச்ச அளவைக் கேட்டேன், பணிப்பெண் இரண்டு தடவை “நிச்சயமா?” என்று சைகையில் கேட்டார். சாப்பிட்டு முடித்துக் கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினேன்.

குறையே இல்லையா என்று கேட்பீர்கள். மாலை நாலரை ஐந்துக்கெல்லாம் இருட்டிவிடும். செலவும் கொஞ்சம் கையைக் கடிக்கும், நாங்கள் மாதச் சீட்டு கட்டித்தான் சேர்த்தோம். காற்று திசை மாறினால் கடற்பனி ஒரே இரவில் விலகிப் போய்விடும், அதனால் அந்தக் கரையில் ஒரு நாள் தங்கினால் போதாது, குறைந்தது மூன்று இரவாவது தங்குங்கள். நடைக்கு வாய்ப்பில்லாத நாளில் அபாஷிரியில் அவுரோரா பனி உடைக்கும் கப்பலில் ஏறுங்கள். பாளங்கள் நொறுங்குகிற அதிர்வு உங்கள் காலடியில் தெரியும். இவ்வளவுதான் குறை. இதெல்லாம் ஒரு குறையா?

திட்டம் போடுகிறவர்கள் பிப்ரவரி நடுவை வைத்துப் போடுங்கள். மலாக்காக்காரர்களுக்கு ஒரு கூடுதல் கணக்கு, செங் சன்னாசிமலை மாசி மகத்துக்குள் திரும்பிவிட வேண்டும், காலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள். சில்லு பதித்த மலேசியக் கடப்பிதழ் இருந்தால் 90 நாள்வரை விசா வேண்டாம். தடித்த கோட்டு ஒன்றை வாங்கிச் சுமப்பதைவிட மெல்லிய உள்ளாடைகளை அடுக்கடுக்காகப் போடுவதே மேல். பருத்தி மட்டும் வேண்டாம், வியர்வை உள்ளேயே நின்று குளிரும். கைக்குள் வைத்துக்கொள்ளும் சூட்டுப் பொட்டலம் எல்லாக் கடையிலும் கிடைக்கும். கைப்பேசியை உள்சட்டைப் பையில் உடம்போடு வையுங்கள், வெளியே வைத்தால் பேட்டரி கண்ணெதிரே இறங்கும். சப்போரோ நடைபாதைகள் கண்ணாடியாக வழுக்கும், தெருமுனைப் பெட்டிகளில் மணல் பொட்டலம் வைத்திருப்பார்கள், எடுத்துத் தூவிக்கொண்டே நடக்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். காடியை வாடகைக்கு எடுக்கும் ஆசை வேண்டவே வேண்டாம். பனியில் ஓட்டிப் பழகாதவர்களுக்கு ரயிலும் பேருந்தும் போதும்.

கடைசியாக ஒன்று. அந்தக் கரைக்கு வரும் கடற்பனி நூறு வருட அளவீட்டில் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. பிள்ளைகள் பெரியவர்களாகட்டும், வீட்டுக் கடன் முடியட்டும் என்று தள்ளிப் போடாதீர்கள், அடுத்த பிப்ரவரிக்கு இப்போதே டிக்கெட் பாருங்கள். உத்தோரோவில் நடைக்குப் பதியும்போது உயரம், எடை, காலணி அளவு கேட்பார்கள். எடையை மட்டும் குறைத்துச் சொல்லாதீர்கள், உடுப்பை மாட்டும்போது எல்லார் முன்னாலும் தெரிந்துவிடும்.