கோப்பை இல்லாத ஆசான்

போன ஞாயிறு திருநீர்மலையில் எங்கள் தெருப் பசங்க ஆடிய ஃபுட்பால் மேட்ச் பாதியில் நின்றுபோனது. இவங்க ஃப்ரீகிக்குக்கு சுவர் கட்டிக்கொண்டிருக்கும்போதே எதிரணிப் பையன் சட்டென்று அடித்துவிட்டான். கோல். உடனே மொத்த டீமும் கோபித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. "ஏண்டா?" என்று அக்கா பையனிடம் கேட்டேன். "இவான் பண்ணலையா மாமா?" என்றான்.

அவனுக்கு ஒழுங்காக பதில் சொல்லத்தான் இந்தப் பதிவு.

இவான் வுகோமனோவிச் 1977-ல் செர்பியாவின் உஷிட்சே ஊரில் பிறந்தவர். பெல்கிரேடின் ரெட் ஸ்டார், பிரான்சின் போர்டோ, ஜெர்மனியின் கொலோன் என்று ஆடியவர். பயிற்சியாளரான பிறகும் பெல்ஜியம், ஸ்லோவாக்கியா, சைப்ரஸ் என்று ஊர் ஊராகச் சுற்றினார். 2021 ஜூனில் கேரளா பிளாஸ்டர்ஸ் அவரைக் கூட்டிவந்தது.

அதே சீசனில் நம்ம சென்னையின் எஃப்.சி. பிடித்தது பக்கத்து நாடான மாண்டினீக்ரோவின் பாந்தோவிச்சை. தாய்லாந்தின் புரிராம் அணியோடு 2017, 2018 லீக் பட்டங்களை வென்றவர். பேப்பரில் பார்த்தால் அவர் ஒன்றும் குறைந்தவர் இல்லை. ஆனால் 2022 பிப்ரவரியில் கோவாவிடம் 5-0 என்று தோற்றதும் வேலை போய்விட்டது. கொரோனாவால் அந்த சீசன் முழுக்க கோவாவில்தான் நடந்தது. சென்னையில் ஒரு மேட்ச்கூட நடத்தாமலே சென்னை அணியின் பயிற்சியாளர் கிளம்பிப் போனார். இவானும் அதே கோவாவில், அதே காலி கேலரிகளுக்கு முன்னால்தான் நின்றார். அவர் மட்டும் எப்படி கேரளத்துக்கு "ஆசான்" ஆனார்?

எக்செல் ஷீட் போட்டுப் பார்த்தேன். அவர் வருவதற்கு முந்தைய சீசனில் பிளாஸ்டர்ஸ் 20 ஆட்டங்களில் 17 புள்ளிகள், பத்தாவது இடம். அவருடைய முதல் சீசனில் 34. அப்படியே இரண்டு மடங்கு! ஃபைனல் வரை போய், ஹைதராபாத்திடம் பெனால்டியில் தோற்றார்கள். ஹோர்மிபாம் மாதிரி சின்னப் பையன்களை நம்பி இறக்கினார். அடி வாங்கியே பழகிய ரசிகர்களுக்கு இது போதும்.

ஆனால் ஷீட்டை இன்னும் கீழே இறக்கினால் கதை மாறுகிறது. அடுத்த சீசனில் 31 புள்ளிகள். அதற்கடுத்த சீசனில் 22 ஆட்டங்களில் 33. தோல்விகள் 4-லிருந்து 9, மறுபடியும் 9. கடைசி சீசனில் 12 ஆட்டங்களில் 26 புள்ளிகளோடு முதலிடத்தில் இருந்த அணி, மிச்சமிருந்த 10 ஆட்டங்களில் எடுத்தது வெறும் 7. லூனாவின் காயம் ஒரு காரணம்தான். ஆனால் ஒரு ஆள் போனால் சாய்ந்துவிடும் அணியைக் கட்டியது யார்? ரசிகர்கள் இந்தக் கேள்வியை அதிகம் கேட்கவில்லை. ஆசான் மேல் அவ்வளவு பாசம்.

அந்தப் பாசத்தின் உச்சம்தான் 2023 மார்ச் 3. பெங்களூருவில் நாக்-அவுட் ஆட்டம், 0-0, கூடுதல் நேரம். சுவர் தயாராகும் முன்னே சேத்ரி ஃப்ரீகிக்கை அடித்தார், நடுவர் கோல் கொடுத்தார். வேகமாக ஃப்ரீகிக் எடுப்பது விதிப்படி சரிதான். காத்திருக்கச் சொல்லி நடுவர் சொன்னாரா, இல்லையா என்பதுதான் சண்டை. இவான் அணியை வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டார். தண்டனை: கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம், அவருக்கு 10 ஆட்டத் தடை, 5 லட்சம் அபராதம்.

வீடியோ உதவி நடுவர் இல்லாத லீக்கில் அவர் கோபம் நியாயமானது. எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கோல் விழும்போது கூடுதல் நேரத்தில் இன்னும் 20 நிமிஷத்துக்கு மேல் பாக்கி. ஒரு கோல் போட்டால் ஆட்டம் பெனால்டிக்குப் போயிருக்கும். தோற்கும் அணிகளுக்கு "முடியும்" என்று சொல்லிக்கொடுத்த மனுஷன், சொல்லவேண்டிய அந்த நிமிஷத்தில் "முடியாது, வாங்க போகலாம்" என்றார். அவருடைய பெரிய தப்பு இதுதான். அபராதமெல்லாம் அதற்கப்புறம்.

2023 அக்டோபரில் தடை முடிந்து கொச்சிக்குத் திரும்பியபோது ஸ்டேடியமே கொண்டாடியது. 2024 ஏப்ரலில் கோப்பை எதுவும் இல்லாமலே விடைபெற்றார். சென்னை ரசிகனான எனக்கு இன்னமும் கொஞ்சம் பொறாமைதான். எங்களுக்கு அப்படி ஒரு ஆள் மேல் பாசம் வைக்க நேரம்கூட கிடைக்கவில்லை.

அக்கா பையனிடம் சொன்னது இவ்வளவுதான்: "அவர்கிட்ட கத்துக்க நிறைய இருக்குடா. அந்த ஒரு நாளைத் தவிர. உங்க மேட்ச்ல எவ்வளவு நேரம் பாக்கி இருந்துச்சு?"

"பதினஞ்சு நிமிஷம் மாமா."