சத்தியாக்கிரகமும் கோயில் வாசலும்

மிதவாத எதிர்ப்பியக்கம் ஒன்றை மதிப்பிடுமிடத்து அதன் கோரிக்கைகளை மாத்திரம் நோக்குதல் போதாது. அக்கோரிக்கைகளை எம்மொழியில் முன்வைத்தது என்பதும் ஆராயத்தக்கது. 1949 டிசெம்பரில் தோன்றிய இலங்கைத் தமிழரசுக் கட்சியின் கோரிக்கை சமஷ்டியாட்சி. அது பேசிய மொழியோ பெரிதும் சமயத்தின் சொற்களால் அமைந்தது. உண்ணாநோன்பு, தியாகம், அறப்போர் என்பன அதன் மேடைச் சொற்கள். 1956 ஆகஸ்டில் திருகோணமலை மாநாட்டுக்குத் தொண்டர்கள் கால்நடையாகச் சென்றமையும் யாத்திரை என்றே பெயர்பெற்றது. தலைவர் எஸ். ஜே. வி. செல்வநாயகம் கிறித்தவர், எனினும் சைவப் பெரும்பான்மையினர் அவரைத் 'தந்தை' என்றே வழங்கினர். சமய வேறுபாட்டைக் கடந்த சமயத்தொனி ஒன்று அங்கு உருவாகியிருந்தது. இதனைச் சிறிய சாதனையெனக் கொள்ளலாகாது.

1961 பெப்ரவரி 20ஆம் திகதி யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலில் தொடங்கிய சத்தியாக்கிரகத்தில் அத்தொனி உச்சம் பெற்றது. பெண்கள் பெருந்தொகையாக வந்தமர்ந்தனர். ஏப்ரல் 14ஆம் திகதி தமிழரசுத் தபாற்சேவை தொடங்கப்பட்டது. சில நாட்களுள் அவசரகாலச் சட்டம் பிரகடனமாகித் தலைவர்கள் தடுத்துவைக்கப்பட்டனர்.

அதே 1961இல் ஈரானில் மெஹ்தி பஸர்கான், ஆயத்துல்லா தலகானி முதலியோர் விடுதலை இயக்கத்தைத் தோற்றுவித்தனர். தேசியத்தையும் இஸ்லாத்தையும் அரசியலமைப்பு வழியையும் இணைக்க முயன்ற மிதவாதிகள் அவர்கள். 1979 பெப்ரவரியில் பிரதமரான பஸர்கான் நவம்பரிலேயே பதவி துறந்தார். பின்னர் அவ்வியக்கம் தான் கொணர உதவிய இஸ்லாமியக் குடியரசிலேயே எதிரணியாயிற்று. மக்களைத் திரட்ட அவர்கள் கையாண்ட சமயமொழியின் பொருளை நிருணயிக்கும் அதிகாரம் மதகுருமாரின் கைக்குச் சென்றது. ஒப்புமையை இதற்கு மேல் நீட்டுதல் தகாது. இலங்கையில் 1972ஆம் ஆண்டு யாப்பு முதன்மையிடம் அளித்தது பௌத்தத்துக்கு, தமிழரசார் அம்மதத்தினரல்லர். ஆயினும், புனிதச் சொல்லுக்கு உரியவர் யார் என்ற வினா இருவர்க்கும் பொது.

யாழ்ப்பாணத்தில் அவ்வினா கோயில் வாசலில் எழுந்தது. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியும் பல கோயில்கள் தாழ்த்தப்பட்டோருக்கு அடைபட்டே கிடந்தன. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் நுழைவு கோரியோர் சத்தியாக்கிரகமே செய்தனர். கச்சேரி வாயிலில் அரசுக்கெதிராகக் கையாளப்பட்ட முறை கோயில் வாயிலில் சொந்தச் சமூகத்துக்கெதிராகக் கையாளப்பட்டது. நுழைவை முன்னின்று எதிர்த்த சி. சுந்தரலிங்கமோ தமிழர்க்குத் தனிநாடு வேண்டுமென முற்பட உரைத்தவர்களுள் ஒருவர். மாவிட்டபுரமும் செல்வநாயகத்தின் காங்கேசன்துறைத் தொகுதியைச் சேர்ந்ததே.

தீண்டாமையைத் தமிழரசார் ஆதரித்தனர் எனல் பொய். அவர்தம் தீர்மானங்கள் அதனைக் கண்டித்தன. கிறித்தவத் தலைவரொருவர் சைவக் கோயில் விடயத்தில் தலையிடின் எழக்கூடிய வசையும் கற்பனையன்று. ஆனால் கச்சேரிமுன் ஆயிரக்கணக்கானோரை அமர்த்திய கட்சி இவ்வாசலில் அத்தகைய அணியொன்றைத் திரட்டவில்லை. தமிழர் ஒற்றுமை குலையும் என்ற அச்சமே காரணமெனின், அவ்வொற்றுமைக்குள் வெளியே நிறுத்தப்பட்டோர் எண்ணப்பட்டனரா என்று கேட்டல் நியாயமே. அன்று களத்தில் நின்றவர்கள் பெரும்பாலும் இடதுசாரிகள். நாத்திகர் என ஏளனஞ் செய்யப்பட்ட அவர்களே முருகன் சந்நிதியைத் திறக்கப் போராடினர்.

1975 பெப்ரவரி உபதேர்தலில் காங்கேசன்துறை வாக்காளர் செல்வநாயகத்தைப் பெருவாரியாக மீண்டும் தெரிவுசெய்தனர். மறு ஆண்டு மே 14இல் வட்டுக்கோட்டைத் தீர்மானம் தனிநாடு கோரியது. சாதி ஒழிப்பும் அதில் எழுதப்பட்டிருந்தது.