ஐநூறு தலைமுறை போதுமா?

கடல் அமிலமானால் நுண்ணுயிர்கள் எப்படியோ பரிணமித்துச் சமாளிச்சுக்கும் என்று ரொம்ப நாள் நம்பியிருந்தேன். காரணம், 2012-இல் நேச்சர் ஜியோசயின்ஸ் இதழில் லோபெக், ரீபெசெல், ராய்ஷ் மூவரும் எழுதிய கட்டுரை.

அவர்கள் எடுத்துக்கொண்டது எமிலியானியா ஹக்ஸ்லேயி. ஒற்றைச் செல் பாசி. உடம்பைச் சுற்றிச் சுண்ணாம்புத் தட்டுகளை அடுக்கி வைத்திருக்கும். கார்பன் டை ஆக்சைடு கரையக் கரைய அந்தத் தட்டைச் செய்வது கஷ்டமாகிறது. ஆனால் அதிக கார்பன் டை ஆக்சைடில் சுமார் 500 தலைமுறை வளர்த்த பாசி, அதே நீரில் பழகாத பாசியைவிட 50% வரை கூடுதலாகச் சுண்ணாம்பு செய்தது. கடலின் அடிப்படை வேலைகள் தொடர்ந்து நடக்கப் பரிணாமம் உதவலாம் என்று கட்டுரை முடிகிறது. படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

2016-இல் சயின்ஸ் அட்வான்சஸில் அதே குழுவின் தொடர்ச்சி வந்தது. 4 வருஷம், 2100 தலைமுறை. முதல் வருஷத்தில் மீண்ட சுண்ணாம்பு உற்பத்தி மறுபடி சரிந்து, பழகாத பாசியின் அளவுக்கும் கீழே போய்விட்டது! (டெஸ்ட் பாஸ்னு ரிலீஸ் பண்ணிட்டு அப்புறம் ராத்திரி முழுக்க விழித்திருந்தவனுக்கு இது புரியும்.) தங்கள் முடிவைத் தாங்களே திருத்தியதற்கு ஒரு சபாஷ்.

என் குறை வேறு. 2012 கட்டுரை, பாசி தகவமைவதையும் நமக்கு வேண்டிய வேலையை அது செய்வதையும் ஒன்றாக்கிவிட்டது. குடுவையில் ஜெயிப்பது வேகமாகப் பிரியும் செல்தான். வளர்ச்சி கூடியதென்னவோ உண்மை: 1100 மைக்ரோ அட்மாஸ்பியரில் 3.4%, 2200-இல் 4.8%. அதற்குச் சுண்ணாம்பு எதுக்கு? மேய வரும் விலங்கும் இல்லை, வைரஸும் இல்லை. கடலிலோ இந்தப் பாசியின் பெருக்கத்தை வைரஸ்தான் அடிக்கடி முடித்து வைக்கிறது.

இரண்டாம் கட்டுரையையும் அப்படியே விழுங்க முடியவில்லை. கார்பன் டை ஆக்சைடைக் கூட்டாத குடுவைகளிலும் செல்கள் சிறுத்துக்கொண்டே வந்திருக்கின்றன. அதாவது பாசி ஆய்வகத்துக்கும் பழகியிருக்கிறது. அதோடு, கடலில் பல பத்தாண்டுகளில் நடப்பது இங்கே ஒரே தாவலில் நடந்தது.

ஆனாலும் ஒரு முடிவை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். தட்டு செய்வதைக் குறைத்துக்கொண்ட அந்தப் பாசியை இன்றைய அளவுக்குத் திருப்பிக் கொண்டுவந்ததும், பழையபடி சுண்ணாம்பு செய்ய ஆரம்பித்திருக்கிறது. திறமை அழியவில்லை, அடக்கி வைத்திருந்திருக்கிறது. 2100 தலைமுறைக்குப் பிறகும்.